லிஃப்டிங் சூப்பர்வைசர்: பாரந்தூக்கி வேலைக்குப் பொறுப்பேற்பவரின் பணியும் தகுதியும்

கட்டுமான இடத்தில் பாரந்தூக்கி ஒரு பளுவைத் தூக்கும்போது அங்கே நான்கு பேருக்கு வேலை இருக்கிறது. ஆபரேட்டர் கேபினில் உட்கார்ந்து இயக்குகிறார். ரிக்கர் பளுவைக் கட்டி ஹூக்கில் மாட்டுகிறார். சிக்னல்மேன் கைச்சைகையாலோ வாக்கி டாக்கியாலோ ஆபரேட்டருக்கு வழி சொல்கிறார். நான்காமவர் எதையும் கட்டுவதில்லை, எதையும் இயக்குவதில்லை. ஆனால் இந்தப் பளுவை, இந்த இடத்திலிருந்து, இந்த நேரத்தில் தூக்கலாமா என்று முடிவு சொல்பவர் அவர்தான். அவரைத்தான் லிஃப்டிங் சூப்பர்வைசர் என்கிறோம்.

நாட்டுக்கு நாடு இந்தப் பதவியின் பெயரும் எல்லையும் மாறும். இந்தக் கட்டுரை சிங்கப்பூர் முறையை வைத்து விளக்குகிறது. அங்கே நால்வரின் கடமைகளையும் சட்டமே தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. அந்த நான்கு வேலைகளிலும் தமிழ்த் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரிக்கராகவோ சிக்னல்மேனாகவோ இருந்துகொண்டு அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது

அடிப்படை, 2011இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார (பாரந்தூக்கி இயக்கம்) விதிகள். மொபைல் கிரேன், டவர் கிரேன் வேலைகளுக்கு எழுத்தில் ஒரு லிஃப்டிங் பிளான் (தூக்கும் திட்டம்) வேண்டும், நால்வரும் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கட்டுமான இடங்களில் டவர், மொபைல், கிராலர் (சங்கிலிப் பட்டையில் நகரும்) கிரேன்களால் தூக்குவது அதிக ஆபத்துள்ள வேலைகளின் பட்டியலிலும் இருப்பதால், வேலை தொடங்குமுன் பெர்மிட்டும் வாங்கியாக வேண்டும்.

ரிக்கரின் கடமை பளுவின் எடையைத் தெரிந்துகொண்டு ஆபரேட்டரிடம் சொல்வது, பளுவைக் கட்டும் கயிறுகளும் பெல்ட்டுகளுமான சிலிங்குகளைச் சரிபார்ப்பது, கூர்மையான ஓரங்களில் மெத்தை வைப்பது, பளு சமநிலையில் நிற்கும்படி கட்டுவது. சிக்னல்மேன், கட்டு சரியாக இருக்கிறது என்று ரிக்கரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே தூக்கச் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் மனிதவள அமைச்சில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

சூப்பர்வைசரிடம் சட்டம் கேட்பவை வேறு வகை. தூக்கும் வேலை முழுவதையும் லிஃப்டிங் பிளான்படி ஒருங்கிணைக்க வேண்டும். தூக்கும் நேரம் முழுக்க அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பதிவு பெற்ற ஆபரேட்டரும் நியமிக்கப்பட்ட ரிக்கர், சிக்னல்மேனும் தவிர வேறு யாரும் இதில் ஈடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மொபைல் கிரேன் நிற்கும் தரை பாதுகாப்பானதா என்று உறுதி செய்ய வேண்டும். பிளானை எல்லோருக்கும் விளக்க வேண்டும். யாராவது ஆபத்து என்று சொன்னால் அதைச் சரி செய்ய வேண்டும்.

இதில் அடிக்கடி மீறப்படுவது ‘அந்த இடத்திலேயே இருப்பது’. தளத்தின் இரு முனைகளில் இரண்டு கிரேன்கள் ஓடும், சூப்பர்வைசர் ஒருவரே இரண்டு பிளானிலும் கையெழுத்திட்டிருப்பார். ஒன்றின் பக்கத்தில் நிற்கும்போது மற்றது அவர் இல்லாமல்தான் தூக்குகிறது. அதேபோல் ஆள் குறைவு என்று சூப்பர்வைசரே சிலிங் மாட்டுவதும் சிக்னல் கொடுப்பதும் நடக்கும். கண் கொக்கியில் இருந்தால், கிரேனைத் தாங்க வெளியே நீட்டும் காலான அவுட்ரிக்கர் தரையில் அழுந்துவதையும், பளுவின் கீழே யாரோ நடந்து வருவதையும் பார்க்க முடியாது. அவர் கை காலியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

சான்றிதழ் ஒன்று, நியமனம் வேறு

சிங்கப்பூரில் சூப்பர்வைசர் ஆவதற்கு மனிதவள அமைச்சு ஏற்கும் பயிற்சியை முடித்துத் தேற வேண்டும். பாரம் தூக்கும் வேலையில் உரிய அனுபவமும் வேண்டும். தொழில்திறன் தகுதி முறையில் இந்தப் பயிற்சிக்கு ‘சூப்பர்வைஸ் சேஃப் லிஃப்டிங் ஆபரேஷன்ஸ்’ என்று பெயர். ரிக்கருக்கும் சிக்னல்மேனுக்குமான ‘பெர்ஃபார்ம் ரிக்கர் அண்ட் சிக்னல்மேன் டாஸ்க்ஸ்’ பயிற்சி இதற்குக் கீழ்ப்படி. முதலில் அதை முடித்து, தளத்தில் சில காலம் கட்டியும் சிக்னல் கொடுத்தும் பழகியவருக்கு மேல்படிப் பயிற்சி எளிதாகப் புரியும். நேரடியாக மேல்படிக்குப் போனவர் எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோட் சார்ட்டைப் படித்துவிடுவார். பெல்ட் சிலிங் ஓரத்தில் அறுந்திருப்பது அவர் கண்ணில் படாது.

ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது முக்கியம். ஆபரேட்டர் அமைச்சில் பதிவு செய்யப்படுகிறார். சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் மூவரும் பயிற்சி முடித்த பிறகு அந்த வேலைக்கு நிறுவனத்தால் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே பையில் சான்றிதழ் இருப்பதாலேயே ஒருவர் இந்தத் தளத்தின் சூப்பர்வைசர் ஆகிவிட மாட்டார். எந்தத் தளம், எந்தக் கிரேன், எந்த வேலை என்று குறிப்பிட்ட நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. லிஃப்டிங் பிளானில் உங்கள் பெயரைப் போட்டு, உங்களிடம் சொல்லாமலேயே கையெழுத்துக்கு நீட்டினால், முழுவதும் படிக்காமலும் இடத்தைப் போய்ப் பார்க்காமலும் கையெழுத்திடாதீர்கள்.

ஆட்களைச் சரிபார்க்கும்போதும் அட்டையை மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. ஆபரேட்டர் எந்த வகைக் கிரேனுக்குப் பதிவு பெற்றவர் என்று பாருங்கள். டவர் கிரேன் ஓட்டுபவர் கிராலர் கிரேனில் ஏறக் கூடாது. பதிவு காலாவதியாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லிஃப்டிங் பிளான்: எடையில் தொடங்குகிறது

பிளான் என்பது ஒரு கேள்விக்கு எழுத்தில் தரும் பதில். எத்தனை எடையை, கிரேனிலிருந்து எத்தனை தூரத்தில், எதன் மேல் நின்று, எதைக் கொண்டு தூக்குகிறோம்? மற்ற எல்லாம் இதற்குள் அடங்கும்.

எடை தெரியாத பளுவைத் தூக்கக் கூடாது. தெரியாவிட்டால் கணக்குப் போடலாம். இரும்புக் கம்பிக்கு, மில்லிமீட்டரில் விட்டத்தை எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 32 மி.மீ. கம்பி மீட்டருக்கு 6.32 கிலோ. 12 மீட்டர் கம்பி ஏறத்தாழ 76 கிலோ. 25 கம்பி கொண்ட ஒரு கட்டு கிட்டத்தட்ட 1.9 டன். இரும்புத் தகடு 10 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைக்கலாம்.

முன்வார்ப்புச் சுவர்ப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 15 செ.மீ. கனம். கன அளவு 1.8. எடை 4.5 டன். இதோடு முடியவில்லை. ஹூக் பிளாக் 0.4 டன், ஸ்பிரெடர் பீமும் (சிலிங்குகளை அகலமாகப் பிரித்துப் பிடிக்கும் தண்டு) சிலிங்கும் ஷேக்கிளும் (இணைக்கும் இரும்பு வளையம்) சேர்ந்து 0.3 டன். ஆக கிரேன் தூக்குவது 5.2 டன். பெரும்பாலான மொபைல் கிரேன் சார்ட்டுகளில் கொக்கியும் கியரும் (சிலிங், ஷேக்கிள் போன்ற தூக்கும் சாதனங்கள்) பளுவோடு சேர்த்தே கணக்கிடப்படும். அவற்றை விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இனி தூரம். ரேடியஸ் என்பது கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி தொங்கும் செங்குத்துக் கோடு வரை தரைமட்டத்தில் அளக்கும் தூரம். கிரேனின் நீண்ட கையான பூமின் நீளம் அல்ல. ஒரு கிரேனின் சார்ட்டில் 14 மீட்டருக்கு 7.0 டன், 16 மீட்டருக்கு 5.6 டன் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 14 மீட்டரில் நம் 5.2 டன் அதன் திறனில் 74 விழுக்காடு. பிளானில் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். காலையில் லாரி ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டதால் கிரேன் 2 மீட்டர் பின்னால் நிற்கிறது. இப்போது 93 விழுக்காடு. பளு தொங்கத் தொடங்கியதும் பூம் சற்று வளைந்து ரேடியஸ் இன்னும் கொஞ்சம் கூடும். தூக்கும் பொருள் மாறவில்லை, கிரேன் மாறவில்லை, ஆனால் பிளான் இப்போது செல்லாது. அளவு நாடாவைப் பிடித்து ரேடியஸைத் தானே அளக்கும் சூப்பர்வைசர் இதைப் பிடித்துவிடுவார். பிளான் கோப்பைக் கையில் வைத்திருப்பதோடு நிற்பவர் தவறவிடுவார்.

கிரேனின் பெயரில் உள்ள எண்ணும் ஏமாற்றும். ‘50 டன் கிரேன்’ என்றால் பூமை முழுக்க உள்ளிழுத்து, சுமார் 3 மீட்டர் ரேடியஸில், முழு எதிர்எடையோடு கிடைக்கும் திறன் அது. கட்டுமான வேலையில் அந்த நிலை ஏறக்குறைய வராது.

சார்ட்டைப் படிக்கும்போது நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். பூம் நீளம், எதிர்எடை எவ்வளவு பூட்டியிருக்கிறது, அவுட்ரிக்கர் முழுக்க நீட்டியிருக்கிறதா பாதியா, தூக்கும் திசை முன்பக்கமா பக்கவாட்டா. நம் ரேடியஸ் இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால் அடுத்த அதிக ரேடியஸின் எண்ணையே எடுக்க வேண்டும். நடு எண்ணைக் கணக்கிட்டுப் போடக் கூடாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சார்ட்டில் குறுகிய ரேடியஸ் பகுதியில் உள்ள எண்கள் பெரும்பாலும் பூமின் வலிமையை வைத்து எழுதியவை. தொலைவான ரேடியஸில் உள்ளவை கிரேன் கவிழும் நிலையை வைத்து எழுதியவை. கவிழப் போகும் கிரேனில் எதிர்ப்பக்க அவுட்ரிக்கர் லேசாகி முன்னறிவிப்பு கிடைக்கலாம். வலிமை எல்லை தாண்டினால் அப்படி எதுவும் கிடைக்காது, பூம் உடையும். ‘பின்கால் எழுந்தால் நிறுத்திவிடலாம்’ என்று சொல்லும் ஆபரேட்டரை எந்தச் சூப்பர்வைசரும் அனுமதிக்கக் கூடாது.

எடைக் கணக்குக்கு வராத ஒரு சூழ்நிலையும் உண்டு. கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும் பலகை, மண்ணில் புதைந்த ஷீட் பைல், சேற்றில் கிடக்கும் தகடு ஆகியவற்றைக் கிரேனால் பிடுங்கினால் இழுவிசை பொருளின் எடையைப் போலப் பல மடங்காகும். திடீரென்று விடுபடும்போது பூம் பின்னால் துள்ளும். முதலில் ஜாக்கியாலோ வேறு கருவியாலோ விடுவித்து, தனியே நிற்கிறது என்று பார்த்த பிறகே தூக்க வேண்டும்.

தரை: சட்டம் பெயர் சொல்லிக் கேட்பது

மொபைல் கிரேன் விபத்துகளில் இயந்திரத்தைவிடத் தரைதான் அடிக்கடி ஏமாற்றும். பூம் ஒரு மூலை அவுட்ரிக்கருக்கு மேலே வரும்போது மொத்த எடையில் முக்கால் பங்கு வரை அந்த ஒரே காலில் இறங்கலாம். 36 டன் கிரேனும் 5.2 டன் பளுவும் சேர்ந்தால் சுமார் 41 டன். அதில் முக்கால் பங்கு 31 டன். கிரேனோடு வரும் தட்டு அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 124 டன் அழுத்தம். எந்தச் சாதாரண மண்ணும் இதைத் தாங்காது. அதன் கீழே ஒன்றரைக்கு ஒன்றரை மீட்டர் எஃகுத் தகடு வைத்தால் அழுத்தம் சுமார் 14 டன்னாக இறங்கும். தகடு வளையாத கனத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். மெல்லிய தகடு நடுவில் மட்டும் அழுந்தி, ஓரங்கள் மேலே எழும். அப்போது பரப்பு பெரிதாகவே இல்லை.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. சாக்கடை மூடி, பழைய குழி நிரப்பிய மண், குழாய், மின்கேபிள், நிலத்தடித் தொட்டி. மேலே சிமென்ட் தளம் போட்டிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தளத்தின் வரைபடங்களைக் கேளுங்கள். தளத்தில் பல மாதமாக இருப்பவர்களிடம் ‘இங்கே முன்பு தோண்டினார்களா’ என்று கேளுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்துவதென்றால் அவுட்ரிக்கர் தகட்டின் விளிம்பு, பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். நிரப்பிய மண், தளர்ந்த மண் என்றால் அதைப் போல இரண்டு பங்கு. அவ்வளவு இடம் இல்லையென்றால் அது பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டிய வேலை.

மட்டம் பார்ப்பதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். சார்ட் எண்கள் கிரேன் மட்டமாக நிற்கிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. உற்பத்தியாளர்கள் அனுமதிக்கும் சாய்வு பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குள்தான். நீண்ட பூமில் சிறு சாய்வும் ரேடியஸைக் கூட்டும், பூமுக்குப் பக்கவாட்டு விசையைத் தரும். காலையில் ஒரு தடவை பார்த்தால் போதாது. மழைக்குப் பிறகும், கனமான நாலைந்து பளுக்களுக்குப் பிறகும் மறுபடி பாருங்கள்.

லாரி கிரேன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொருள் இறக்க வரும் லாரி சாலையோரத்தில் நிற்கும். வாகனங்களுக்கு வழிவிட வேண்டுமென்று ஒரு பக்க அவுட்ரிக்கரை உள்ளே தள்ளியே வைத்திருப்பார்கள். பளு அந்தப் பக்கம் திரும்பினால் லாரியோடு சாயும். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் இதற்கு யாரும் பிளான் பார்ப்பதில்லை. பெரிய கிரேனுக்குக் காட்டும் அக்கறை இதற்கும் வேண்டும்.

சிலிங் கோணம்

இரண்டு கால் சிலிங்கில் 4 டன் தூக்குகிறோம். ஒவ்வொரு காலும் 2 டன் தாங்கினால் போதும் என்று தோன்றும். சிலிங் நேர் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது உண்மை. கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு காலிலும் 2.31 டன். 45 பாகையில் 2.83 டன். 30 பாகைக்கு இறங்கினால் ஒவ்வொரு காலிலும் முழு 4 டன். அதற்கும் கீழே போகக் கூடாது. தளத்தில் நீளமான சிலிங் கிடைக்காமல் குட்டையானதை மாட்டும்போது கோணம் தானாகவே தட்டையாகிவிடும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பிடிப்புப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும் சிலிங் காலின் நீளமும் சமமாக இருந்தால் கோணம் 60 பாகை. கால் அதைவிடக் குட்டையானால் கோணம் மோசமாகிறது.

நான்கு கால் சிலிங்கில் நான்கும் சமமாகத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். விறைப்பான பளுவில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கால்களே எல்லாவற்றையும் சுமக்க நேரலாம். ஆகவே இரண்டு கால்களை வைத்தே கணக்குப் போடுவது பாதுகாப்பு.

கியரைப் பார்ப்பது ரிக்கரின் வேலை. ஆனாலும் சூப்பர்வைசர் கைபோட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கியரிலும் பாதுகாப்பான வேலைப்பளு, அடையாள எண் இரண்டும் படிக்கும்படி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கிரேனையும் கியரையும் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும். ஆட்களைத் தூக்கப் பயன்படுபவற்றுக்கு 6 மாதம். ஆனால் நேற்று சோதித்த பெல்ட் சிலிங் இன்று காலை ஒரு எஃகு ஓரத்தில் அறுபடலாம். சான்றிதழில் தேதி சரியாக இருப்பது கண்ணால் பார்ப்பதற்கு மாற்று அல்ல. பெல்ட் சிலிங்கில் வெட்டு, தையல் பிரிதல், உருகல், லேபிள் இல்லாமை இவற்றில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கம்பிக்கயிறு சிலிங்கில் முறுக்கின் ஒரு முழுச்சுற்று நீளத்துக்குள் 10 இழைகள் அறுந்திருந்தால், அல்லது கயிறு மடிந்து நிரந்தர வளைவு விழுந்திருந்தால், கழித்துவிட வேண்டும். ஷேக்கிளின் ஊசிக்குப் பதிலாக போல்ட்டைச் சொருகியிருப்பதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். ஒதுக்கிய கியரை அந்த இடத்திலேயே வெட்டிவிடுவது நல்லது. ஓரமாகப் போட்டால் மதியத்துக்குள் வேறொருவர் எடுத்து மாட்டியிருப்பார்.

காற்று, மழை, இடி

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் விளையாட்டரங்கின் கூரைத் துண்டைத் தூக்கிய ‘பிக் புளூ’ என்ற மிகப் பெரிய கிராலர் கிரேன் சரிந்தது. இரும்பு வேலைத் தொழிலாளர்கள் மூவர் இறந்தனர். துண்டின் எடை 400 டன்னுக்கு மேல். அந்த அகன்ற துண்டின் மேல் காற்று தரும் விசையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அதிலிருந்து தொழில் கற்ற பாடம். சார்ட்டில் உள்ள காற்று வரம்பு கிரேனுக்கும் ஓரளவு கச்சிதமான பளுவுக்கும் எழுதியது. முன்வார்ப்புப் பலகை, பார்ம்வொர்க், கூரைத் தகடு போன்றவை பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். அவற்றுக்கு உற்பத்தியாளரின் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு குறைப்பது என்பதைப் பிளானிலேயே எண்ணாக எழுதி வைக்க வேண்டும். ‘காற்று அதிகமானால் நிறுத்தவும்’ என்று எழுதிய பிளான் யாருக்கும் உதவாது. நொடிக்கு எத்தனை மீட்டர், எங்கே அளப்பது, யார் பார்ப்பது என்று இருக்க வேண்டும். காற்றுமானி பூமின் நுனியில் இருக்கட்டும். தரையில் இலை அசையாதபோதும் 50 மீட்டர் உயரத்தில் காற்று வேறாக இருக்கும்.

சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்று மழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து காலைக்குள் மேற்கிலிருந்து திடீரென்று வந்து அடிக்கும். முதல் லிஃப்ட்டை அதிகாலையில் வைத்திருப்பவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. மின்னல் எச்சரிக்கை வந்தால் பாதியில் தொங்கும் பளுவைப் பாதுகாப்பாக இறக்கி வைத்துவிட்டு விலக வேண்டும். இறக்கி வைக்கும் இடமும் பிளானில் முன்பே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தூக்குமுன் பேச்சு, தூக்கும்போது சோதனை

பிரீஃபிங் என்றால் ஒரு தாளைப் படித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதல்ல. பளு எவ்வளவு, எங்கிருந்து எங்கே, எந்தப் பாதை, சிக்னல் யார், வாக்கி டாக்கி எந்தச் சேனல், எது நடந்தால் நிறுத்துவோம் என்று நின்று பேச வேண்டும். ஒரே குழுவில் தமிழரும் வங்காளதேசத்தவரும் சீனரும் இருப்பார்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘இந்தப் பளு எத்தனை டன்? எந்தப் பக்கமாகத் திருப்புவாய்?’ என்று ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்ல வைப்பதே சரியான சோதனை.

வாக்கி டாக்கியில் தூக்குவதற்குத் தனிச் சேனல் வேண்டும். சிக்னல்மேன் ‘கீழே, கீழே, கீழே’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் ஆபரேட்டர் கையை நிறுத்த வேண்டும். பேட்டரி செத்தாலும் பளு நின்றுவிடும் என்பது இந்தப் பழக்கத்தின் பயன். சிக்னல் ஒருவரிடமிருந்துதான். ‘நிறுத்து’ மட்டும் யார் சொன்னாலும் கேட்க வேண்டும். ஆபரேட்டருக்குத் தெரியாத பக்கத்தில் இறக்குவதென்றால் இரண்டாவது சிக்னல்மேன் வேண்டும். யார் எந்த இடத்தில் கைமாற்றுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பளுவைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயர்த்தி நிறுத்துங்கள். இது சோதனைத் தூக்கல். பளு மட்டமாகத் தொங்குகிறதா, பிரேக் பிடிக்கிறதா, அவுட்ரிக்கர்கள் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். பளுவையும் ரேடியஸையும் காட்டும் எல்எம்ஐ திரையில் எண் என்ன என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். கணக்கு 5.2 டன், திரை 6.1 டன் என்றால் இறக்கிவிட்டுக் காரணம் தேடுங்கள். பலகைக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம், கன அளவு தவறாக இருக்கலாம், எங்கோ இன்னும் மாட்டியிருக்கலாம். எல்எம்ஐ சரியாக வேலை செய்ய, பூம் அமைப்பு, எதிர்எடை, அவுட்ரிக்கர் அகலம் மூன்றும் அதில் சரியாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். தவறான அமைப்பில் அது நிதானமாகத் தவறான எண்ணைக் காட்டும். அதன் தடுப்பை மீறவைக்கும் பைபாஸ் சாவி ஆபரேட்டரின் கேபினில் தொங்கக் கூடாது.

கிரேனின் பின்புறம் சுழலும் எதிர்எடைக்கும் சுவர், அடுக்கு, லாரி போன்றவற்றுக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தைத் தடுப்பு வைத்து மூடிவிட வேண்டும். எல்லோரும் மேலே பளுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நசுங்குவது இங்கேதான். பளுவைத் திருப்ப டேக் லைன் பயன்படுத்துபவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

நிறுத்தும்போது

சூப்பர்வைசரின் கடினமான வேலை தொழில்நுட்பத்தில் இல்லை. கான்கிரீட் வண்டி வரிசையில் நிற்கும், கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடும், மேலாளர் ‘இன்னும் ஒரே ஒரு லிஃப்ட்’ என்பார். இந்த இடத்தில் சொல்ல வேண்டியதை எண்ணாகச் சொல்லுங்கள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றால் வாதம் நீளும். ‘பிளானில் ரேடியஸ் 14, இப்போது நான் அளந்தது 16, விகிதம் 93, பிளானை மாற்றாமல் தூக்க முடியாது’ என்றால் பேச்சு தரவுக்குப் போகும். நிறுத்திய நேரம், காரணம், யாரிடம் சொன்னோம் ஆகியவற்றைப் பெர்மிட்டிலேயே எழுதுங்கள். மாறியது எதுவாக இருந்தாலும், கிரேன் நிற்கும் இடமோ பளுவோ கியரோ ஆளோ, பிளானைத் திருத்திக் கையெழுத்து வாங்கி, மறுபடி பிரீஃபிங் செய்த பிறகே தொடர வேண்டும்.

இரண்டு கிரேனால் ஒரே பளுவைத் தூக்குவது, ஆட்களைக் கூடையில் தூக்குவது, இயங்கும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தூக்குவது போன்றவை வழக்கமான பிளானில் அடங்காது. இரட்டைக் கிரேனில் ஒன்று சற்று முந்தினாலும் பளுவின் பங்கு மற்றதன் மேல் சாயும். ஆகவே ஒவ்வொரு கிரேனின் திறனிலும் கணிசமாகக் குறைத்தே கணக்கிடுவார்கள். இது பொறியாளர் வரைய வேண்டிய பிளான். சூப்பர்வைசர் அதை நிறைவேற்றுபவர்.

வேறு நாட்டுக்குப் போகும்போது

சிங்கப்பூர்ச் சான்றிதழ் வேறு நாட்டில் அப்படியே செல்லும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் லோலர் எனப்படும் 1998ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு தூக்கலும் தகுதியுள்ளவரால் திட்டமிடப்பட்டு, தக்கபடி மேற்பார்வையிடப்பட வேண்டும் என்கின்றன. அங்கே திட்டமிடுபவரும் தளத்தில் நின்று மேற்பார்வையிடுபவரும் வேறு வேறு பதவி. கட்டுமான இயந்திர வேலையின் தகுதிக்கான சிபிசிஎஸ் அட்டை முறையில் முதலாமவருக்கு ஏ61, இரண்டாமவருக்கு ஏ62, பளுவைக் கட்டிச் சிக்னல் கொடுப்பவருக்கு ஏ40. சிவப்பு அட்டை பயிற்சி முடித்தவருக்கு, நீல அட்டை தளத்தில் திறனை நிரூபித்தவருக்கு. வளைகுடா நாடுகளில் பல திட்டங்கள் தாங்கள் ஏற்கும் சோதனை நிறுவனத்தின் அட்டையையே கேட்கும். எங்கு போனாலும் உங்கள் லிஃப்டிங் பிளான் நகல்கள், செய்த வேலைகளின் பட்டியல் இரண்டையும் வைத்திருங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அவற்றைப் பற்றித்தான் கேள்வி வரும்.

வேலை முடிந்த பிறகு

கடைசிப் பளு இறங்கியதும் சிலிங்கை ஹூக்கிலேயே தொங்கவிடாமல் கழற்றி எடுத்து, உலர்ந்த இடத்தில் மாட்டி வைக்கச் சொல்லுங்கள். மொபைல் கிரேனின் பூமை உள்ளிழுத்து இறக்க வேண்டும். டவர் கிரேனில் கொக்கியை மேலே ஏற்றி, டிராலியை உற்பத்தியாளர் சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்து, பளு எதையும் தொங்கவிடாமல், சுழல் பிரேக்கை விடுவித்து வைக்க வேண்டும். பிரேக்கைப் பூட்டி வைத்தால் இரவில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஜிப் (கிரேனின் நீண்ட கை) திரும்ப வழியில்லாமல் முழு விசையும் கோபுரத்தின் மேல் விழும். ஜிப் முழு வட்டம் சுற்றினால் பக்கத்துக் கட்டடத்திலோ மற்றொரு கிரேனிலோ இடிக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகு பெர்மிட்டை மூடிக் கையெழுத்திடலாம்.